எரிமலை இல்லாத நாட்டில் வெந்நீர் தேடி

இலங்கையில் எரிமலை இல்லை. ஆனாலும் திருகோணமலைக்கு அருகே கன்னியாவில் நிலத்தின் அடியிலிருந்து வெந்நீர் ஊறிக்கொண்டே இருக்கிறது. இது எப்படி என்று பிள்ளை ஒன்று கேட்டால், நம்மில் எத்தனை தாய்மார் பதில் சொல்வோம்?

எங்கள் தோழி ஒருவரின் பன்னிரண்டு வயது மகள் இப்படித்தான் கேட்டாள். “போய்ப் பார்த்து வந்தால் என்ன?” என்ற பேச்சு அங்கேயே பிறந்தது. பாடசாலை விடுமுறையில் வெள்ளவத்தையிலிருந்து மூவர், கொட்டாஞ்சேனையிலிருந்து இருவர் என ஐந்து பெண்களும் அந்தப் பிள்ளையும் ஒரு வானில் புறப்பட்டோம்.

போவதற்கு இன்னொரு காரணமும் இருந்தது. கொட்டாஞ்சேனை அக்கா திருகோணமலையில் பிறந்தவர். 1990ஆம் ஆண்டில் குடும்பத்தோடு கொழும்புக்கு வந்து சேர்ந்தவர். திருகோணமலைச் சைவக் குடும்பங்களில் இறந்தவருக்கான அந்தியேட்டிக் கிரியையைக் கன்னியாவில் செய்வது வழக்கம். தனக்கும் அப்படியே செய்ய வேண்டும் என்பது அவருடைய தாயாரின் விருப்பம். ஆனால் தாயார் போர்க்காலத்தில் கொழும்பிலேயே கண்ணை மூடினார். அந்நாளில் கன்னியாவுக்குப் போய்வருவது இலேசான காரியமாக இருக்கவில்லை. “அந்தத் தண்ணியில ஒரு கை அள்ளி ஊத்தினாப் போதும் எனக்கு” என்று அக்கா பல வருடங்களாகச் சொல்லிக்கொண்டே இருந்தார்.

“ஆம்பிளைத் துணை இல்லாமல் இவ்வளவு தூரமா?” என்ற கேள்வி ஐந்து வீடுகளிலும் எழுந்தது. தெரிந்த சாரதி, போகும் பாதை, தங்கும் இடம், தொலைபேசி இலக்கம் எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதி ஒவ்வொரு வீட்டிலும் கொடுத்தோம். அதற்குமேல் யாரும் மறுப்புச் சொல்லவில்லை.

கஜு உடைக்கும் கைகள்

காலி வீதியில் நெரிசல் தொடங்குமுன் அதிகாலை நாலரைக்கே வான் கிளம்பியது. கொட்டாஞ்சேனையில் இருவரையும் ஏற்றிக்கொண்டு களனிப் பாலத்தைக் கடந்து கண்டி வீதியில் ஏறினோம். திருகோணமலை ஏறத்தாழ 260 கிலோமீற்றர். 2022ஆம் ஆண்டு மீரிகமவிலிருந்து குருணாகல் வரை அதிவேக வீதி திறக்கப்பட்டிருக்கிறது. அதில் போனால் நேரம் மிச்சம். எங்களுக்கு வழியும் பார்க்க வேண்டியிருந்ததால் பழைய வீதியிலேயே போனோம்.

பஸ்யாலையைத் தாண்டியதும் கஜுகம. பெயரே தொழிலைச் சொல்லிவிடும். சிறு கடைகளின் முன் பெண்கள் நின்று, போகும் வாகனங்களைக் கைகாட்டி அழைக்கிறார்கள். நாங்கள் இறங்கிய கடையில் தோழி ஒருவர் வழக்கம்போல் விலையைக் குறைக்கச் சொன்னார். கடைக்காரப் பெண் கோபிக்கவில்லை. தன் விரல்களை நீட்டிக் காட்டினார். கஜுவின் ஓட்டுக்குள் இருக்கும் எண்ணெய் தோலைப் பொசுக்கக்கூடியது. அவருடைய விரல் நுனிகள் கறுத்துத் தடித்திருந்தன. “என் இரண்டு மகள்மாரும் படிக்கிறார்கள், அவர்கள் இதைத் தொட வேண்டியதில்லை” என்று சிங்களத்தில் சொன்னார். தோழி கேட்ட விலையைக் கொடுத்து ஒரு பொதி கூடுதலாகவும் வாங்கினார்.

வரக்காப்பொலையில் எள்ளுருண்டை வாங்கினோம். அம்பேபுஸ்ஸையில் குருணாகல் வீதிக்குத் திரும்பி, ஒரு மரநிழலில் வானை நிறுத்தி இடியப்பமும் சம்பலும் சாப்பிட்டோம். வெள்ளவத்தையிலிருந்து வந்த முஸ்லிம் தோழி ஒரு போத்தல் நிறையத் தேநீர் கொண்டுவந்திருந்தார்.

சிகிரியா எரிமலையா?

குருணாகலை நெருங்கும்போதே நகரத்துக்குப் பின்னால் ஆனைப்பாறை எழுந்து நிற்பது தெரியும். இங்குள்ள பாறைகளுக்கு ஆனை, ஆமை என்று விலங்குகளின் பெயர்கள் உண்டு. வறட்சிக் காலத்தில் ஊரின் தண்ணீரைக் குடித்துத் தீர்க்க வந்த விலங்குகள் கல்லாகிப் போயின என்பது ஊர்க்கதை.

தம்புள்ளையைத் தாண்டி இனாமலுவவில் கிளை வீதியால் திரும்பிச் சிகிரியாவைப் பார்த்தோம். சமதரையிலிருந்து ஏறத்தாழ 180 மீற்றர் உயரத்துக்குச் செங்குத்தாக நிற்கும் பாறை அது. அணைந்துபோன எரிமலையின் தொண்டைக்குள் இறுகிய குழம்புதான் இது என்று சில சுற்றுலாக் கையேடுகள் எழுதுகின்றன. பிள்ளையின் கையில் இருந்ததிலும் அப்படியே இருந்தது.

எங்களோடு வந்த புவியியல் ஆசிரியை அதை மறுத்தார். “இது எரிமலை கக்கின கல் இல்லை. கோடிக்கணக்கான வருசத்துக்கு முந்தி நிலத்துக்குள்ள வெகு ஆழத்தில, வெப்பத்திலயும் அழுத்தத்திலயும் உருமாறின பாறை. மேல இருந்ததெல்லாம் மழையிலயும் காற்றிலயும் கரைஞ்சு போச்சு. கரையாத உறுதியான பகுதிதான் இப்பிடி நிக்குது” என்று விளக்கினார். குருணாகல் பாறைகளின் கதையும் இதேதான்.

சிகிரியா என்றால் ஓவியப் பெண்களைத்தான் பலரும் நினைப்பார்கள். அங்குள்ள கண்ணாடிச் சுவரில் பழங்காலப் பார்வையாளர் கீறிவைத்த சிங்களக் கவிதைகளும் இருக்கின்றன. பேராசிரியர் பரணவிதான 685 கவிதைகளைப் படித்தறிந்து 1956இல் நூலாக வெளியிட்டார். அவற்றுள் பெண்கள் எழுதியவையும் உண்டு. ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே பெண்கள் பயணம் வந்து, பார்த்ததை எழுதியும் வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள்!

கந்தளாய்த் தயிர்

ஹபரணையில் அவித்த சோளம் வாங்கிக் கொறித்தபடி காட்டு வீதியில் போனோம். இருட்டினால் இங்கே யானைகள் வீதிக்கு வரும் என்பதால் பகலிலேயே கடந்துவிட வேண்டும் என்பது சாரதியின் கணக்கு. 2009ஆம் ஆண்டு போர் முடியும்வரை இந்த வீதியில் பயணம் என்றாலே சோதனைச் சாவடிகளில் பையைத் தூக்கிக்கொண்டு இறங்குவதும் ஏறுவதும்தான். சாவடி இருந்த இடங்களை அக்கா ஒவ்வொன்றாகக் காட்டிக்கொண்டு வந்தார். இப்போது அங்கே புல்லும் பற்றையும்.

கந்தளாய்க் குளத்தருகே எருமைத் தயிர் முட்டிகள் வீதியோரம் அடுக்கியிருந்தன. கித்துள் பாணி ஊற்றிச் சாப்பிட்டோம். 1986ஆம் ஆண்டு ஏப்ரல் 20ஆம் திகதி அதிகாலையில் இந்தக் குளத்தின் அணை உடைந்து நூற்றுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தார்கள். அப்போது தான் சிறுமி என்றும், தாயார் அரிசியும் துணியும் சேர்த்துக் கந்தளாய்க்கு அனுப்பியதாகவும் அக்கா சொன்னார். பின்னர் கன்னியா வரும்வரை அவர் எதுவும் பேசவில்லை.

ஏழு கிணறுகள்

கன்னியா, திருகோணமலை நகரிலிருந்து எட்டுக் கிலோமீற்றர் அளவில் இருக்கிறது. மதிலுக்குள் சிறு தொட்டிகள் போல ஏழு கிணறுகள். அடி தெரியும் தெளிந்த நீர். இறங்கிக் குளிப்பதில்லை, வாளியால் அள்ளி வார்த்துக்கொள்வதுதான். தன் தாயின் ஈமக்கடனுக்காக இராவணன் நிலத்தைக் குத்தியதில் பிறந்த ஊற்றுகள் இவை என்பது ஐதீகம். 2019ஆம் ஆண்டு இவ்விடம் தொடர்பாக எழுந்த பிணக்கு நீதிமன்றம் வரை சென்றது. நாங்கள் போன அன்றோ தமிழ், சிங்கள, முஸ்லிம் குடும்பங்கள் ஒரே வரிசையில் வாளிக்குக் காத்து நின்றன.

பிள்ளை ஏழு கிணற்றிலும் கையை வைத்துப் பார்த்தாள். “ஒவ்வொண்டும் ஒவ்வொரு சூடு!” என்றாள். உண்மைதான். நீர் 40 பாகை செல்சியஸ் அளவில் இருந்தாலும் கிணற்றுக்குக் கிணறு சிறிது வேறுபடும்.

“அப்ப கீழ எரிமலை இருக்குத்தானே ரீச்சர்?”

“இல்லை. நிலத்துக்குள்ள ஒரு கிலோமீற்றர் ஆழம் போனா சாதாரணமா இருபத்தஞ்சு முப்பது பாகை வெப்பம் கூடும். எரிமலை இல்லாத நாட்டிலயும் அப்பிடித்தான். பெய்யிற மழை பாறை வெடிப்பால ஆழத்துக்கு இறங்கிச் சுடுது. பிறகு இன்னொரு வெடிப்பால மேல வருது. அவ்வளவுதான்.”

நாட்டின் நடுப்பகுதிப் பாறைகளும் கிழக்குப் பகுதிப் பாறைகளும் சந்திக்கும் எல்லையை அண்டியே நமது வெந்நீரூற்றுகள் பெரும்பாலும் அமைந்துள்ளன. மகா ஓயாவில் நீர் 50 பாகைக்கு மேல் சுடுகிறது. தெற்கே சூரியவெவப் பக்கம் மகாபெலஸ்ஸவிலும் ஓர் ஊற்று இருக்கிறது. தென்னாசியாவில் இன்றும் உயிரோடுள்ள எரிமலையைப் பார்க்க வேண்டுமானால் அந்தமான் கடலிலுள்ள பாரன் தீவுக்குத்தான் போக வேண்டும்.

எங்கோ தொலைவில் வெடிக்கும் எரிமலையும் நம்மைத் தொட்டிருக்கிறது. 1883 ஆகஸ்ட் 27ஆம் திகதி இந்தோனேசியாவின் கிரக்கத்தோவா வெடித்தபோது எழுந்த கடலலை இலங்கைக் கரைக்கும் வந்தது. கிழக்கே பாணமையில் ஒரு பெண் அதில் உயிரிழந்ததாகப் பதிவு இருக்கிறது. கடல் திடீரென உள்வாங்கினால் வேடிக்கை பார்க்காமல் மேட்டுக்கு ஓட வேண்டும் என்பதை 2004க்குப் பிறகு பிறந்த பிள்ளைகளுக்கும் நாம் சொல்லி வைக்க வேண்டும்.

கூட்டம் சற்றுக் குறைந்ததும் அக்கா ஒரு வாளி நீர் அள்ளினார். ஐயர் இல்லை, மந்திரம் இல்லை. தாயாரின் பெயரை மெதுவாகச் சொல்லி மண்ணில் ஊற்றினார். முஸ்லிம் தோழி அவருடைய கைப்பையைப் பிடித்தபடி பக்கத்தில் நின்றார். மீதி நீரைத் தன் தலையில் வார்த்துக்கொண்டு, “அம்மா காய்ச்சித் தாற தண்ணியின்ர சூடு” என்றார் அக்கா. வேறொன்றும் சொல்லவில்லை. நாங்களும் கேட்கவில்லை.

நீங்களும் போகலாம்

சகோதரிகளே, பிள்ளைகள் வளரட்டும், கணவருக்கு விடுமுறை கிடைக்கட்டும் என்று எத்தனையோ பயணங்களைத் தள்ளிப்போடுகிறோம். நான்கு ஐந்து பேர் சேர்ந்து செலவைப் பங்கிட்டால் ஒருவர் தலையில் பெரிய தொகை விழாது.

அதிகாலையில் புறப்படுங்கள், இருட்டுமுன் தங்குமிடம் சேருங்கள். மலசலகூடம் சுத்தமாக உள்ள சாப்பாட்டுக் கடைகளை முன்பே விசாரித்து வைத்தால், தண்ணீர் குடிக்காமல் பயணம் செய்யும் நம் பழைய தண்டனை தேவைப்படாது. கன்னியாவுக்கு ஒரு மாற்றுடுப்பும் துவாயும் கொண்டுபோங்கள். கிணற்றடியில் சவர்க்காரம் வேண்டாம். அது எல்லோருக்குமான நீர்.

வழியில் கஜுவோ சோளமோ தயிரோ விற்கும் பெண்ணிடம் வாங்குங்கள், இரண்டு வார்த்தை பேசுங்கள். உங்கள் வீட்டிலும் ஒரு தாயோ மாமியோ “ஒருக்காப் போய்ப் பார்க்க வேணும்” என்று ஓர் ஊரின் பெயரைச் சொல்லிக்கொண்டிருக்கலாம். அவரால் நடக்க முடிகிற காலத்திலேயே கூட்டிக்கொண்டு போய்விடுங்கள்.