ஒற்றைக் கையுறையும் வெளியே நின்ற பையனும்



போன மாதம் நான் இங்கே போட்ட "கையுறை" என்ற சிறுகதையைப் படித்துவிட்டு நிறையப் பேர் எழுதியிருந்தீர்கள். டீச்சர் கதைகூட எழுதுவாரா என்று சிலருக்கு ஆச்சரியம். என் தம்பி மட்டும் "அக்கா, மூணு எழுத்துப்பிழை இருக்கு" என்று எழுதியிருந்தான். திருத்திவிட்டேன். பலபேர் ஒரே கேள்வியைக் கேட்டிருந்தீர்கள். புதுப்பட்டினத்தை விட்டு அதிகம் நகராத டீச்சருக்கு ஹாலந்தில் நடக்கிற கதை எப்படி வந்தது? அது நிஜமா? அதற்குத்தான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம். காபி போட்டு வைத்துக்கொண்டு படியுங்கள்.

சின்ன மகளின் இரண்டாவது பிரசவத்துக்காக 2022 அக்டோபரில் நெதர்லாந்து போனேன். ஆம்ஸ்டர்டாமை ஒட்டிய அம்ஸ்டெல்வீன் என்ற ஊர். நம் ஆட்கள் நிறைய இருக்கிறார்கள். கறிவேப்பிலை கிடைக்கிறது. விசா 90 நாள்தான். குழந்தை பிறந்ததும் அந்த நாட்டு வழக்கப்படி ஒரு தாதி தினமும் வீட்டுக்கே வந்து, ஒரு வாரத்துக்கும் மேல் தாயையும் பிள்ளையையும் கவனித்துக்கொண்டார். நான் பத்திய ரசம் வைத்தேன். பார்க்க வந்தவர்களுக்கு அவர்கள் ஊர் முறைப்படி ரஸ்கில் வெண்ணெய் தடவி, நீலமும் வெள்ளையுமாகச் சோம்பு மிட்டாய் தூவிக் கொடுத்தோம். ஆண் பிள்ளைக்கு நீலம், பெண் பிள்ளைக்கு ரோஸ்.

என் பாக்கி வேலை, மூத்த பேத்தியைக் காலையில் பள்ளிக்கூடத்தில் விடுவது. அங்கே நாலு வயதிலேயே பள்ளியில் சேர்த்துவிடுகிறார்கள். எட்டரைக்கு மணி. டிசம்பரில் சூரியன் உதிக்க எட்டே முக்கால் ஆகிறது. இருட்டில் கூட்டிப் போய், இருட்டில் விட்டு, இருட்டிலேயே திரும்பி வருவேன்.

நம் ஊரில் இந்த வேலையைச் செய்தால் வழியில் பத்துப் பேரிடம் பேசியிருப்பேன். அங்கே யாரிடம் பேச? பெயர்ப் பலகையைக்கூட படிக்கத் தெரியாது. முப்பது வருடத்துக்கு மேல் பேசியே சம்பளம் வாங்கியவள், மூன்று மாதம் வாயை மூடிக்கொண்டு நடந்தேன். வேறு வழியில்லாமல் பார்க்க ஆரம்பித்தேன். பார்த்ததையெல்லாம் போனில் படம் எடுத்தேன்.

எனக்குப் படம் எடுக்கும் ஆசை புதிதல்ல. என் வீட்டுக்காரரிடம் ஒரு அக்ஃபா கிளிக் கேமரா இருந்தது. ஒரு ரோலுக்கு 12 படம்தான். பேட்ச் போட்டோவுக்கு இரண்டு, சதுரங்கப்பட்டினம் கோட்டை சுற்றுலாவுக்கு மூன்று என்று கணக்குப் பார்த்து எடுப்போம். அந்த டச்சுக் கல்லறைகள் மேல் ஏறி உட்கார்ந்து போஸ் கொடுத்து என்னிடம் திட்டு வாங்கியவர்கள் இதைப் படித்துக்கொண்டிருக்கிறீர்கள் என்று தெரியும். கல்லறையில் கிடப்பவர்களின் ஊருக்கே ஒருநாள் போவேன் என்று அப்போது நினைக்கவில்லை. போனில் 12 என்ற கணக்கு கிடையாது. மூன்று மாதத்தில் இரண்டாயிரத்துக்கு மேல் எடுத்துவிட்டேன்.

அதில் நாற்பது படம் ஒரே ஒரு கையுறை. பள்ளிக்கூட வேலிக்கம்பியின் நுனியில் யாரோ ஒரு சின்ன சிவப்புக் கையுறையைச் செருகி வைத்திருந்தார்கள். குளிர் நாடுகளில் கீழே கிடக்கிற ஒற்றைக் கையுறையை எடுத்து இப்படிக் கண்ணில் படும்படி வைத்துவிட்டுப் போவது வழக்கம். தொலைத்த பிள்ளை தேடி வந்தால் எடுத்துக்கொள்ளும். இந்தக் கையுறையைத் தேடி யாரும் வரவில்லை. மழையில் நனைந்து தொங்கியது. ஒருநாள் உறைபனி படிந்து ஐந்து விரலும் விறைத்து நின்றது. "ஒரே க்ளவுஸை எத்தனை போட்டோம்மா எடுப்ப?" என்று மகள் சிரித்தாள்.

ராத்திரி கைக்குழந்தையோடு விழித்திருக்கும் நேரத்தில் அந்தப் படங்களைத் தள்ளித் தள்ளிப் பார்ப்பேன். ஒரு படம் இருட்டாக இருந்தது. அழித்துவிடலாமா என்று யோசித்து, பேத்தி சொல்லிக் கொடுத்தபடி வெளிச்சத்தைக் கூட்டினேன். கையுறைக்குப் பின்னால், பள்ளிக் கதவுக்கு வெளியே ஒரு பையன் நின்றுகொண்டிருந்தான். ஏழெட்டு வயது இருக்கும். முதுகில் பை. மணி அடித்து முடிந்த நேரம் அது. மற்றப் பிள்ளைகள் உள்ளே போய்விட்டார்கள். இவன் மட்டும் கதவைப் பார்த்தபடி நிற்கிறான். அவசரமாக மற்றப் படங்களையும் பார்த்தேன். இன்னொன்றிலும் இருந்தான். அதே இடத்தில்.

நான் அந்த இடத்தில்தான் நின்றிருக்கிறேன். என் கண்ணில் அவன் படவில்லை. எனக்குக் கையுறைதான் தெரிந்திருக்கிறது.

காலையில் மகளிடம் காட்டினேன். அவள் முகம் மாறிவிட்டது. "அம்மா, அடுத்தவங்க பிள்ளைய முகம் தெரியற மாதிரி எடுத்து வெச்சிருக்க. இங்க இதெல்லாம் ரொம்ப தப்பா எடுத்துப்பாங்க. டெலீட் பண்ணும்மா." அவள் சொன்னது சரிதான். இரண்டு படத்தையும் அழித்தேன். அதன் பிறகு பல நாள் அங்கே நின்று பார்த்தேன். அந்தப் பையனைக் காணவில்லை.

படம் கையில் இருந்திருந்தால் கதை எழுதியிருக்க மாட்டேன் என்று இப்போது தோன்றுகிறது. படம் இருந்தால் உங்களிடம் காட்டியிருப்பேன், நீங்கள் லைக் போட்டிருப்பீர்கள், முடிந்திருக்கும். இல்லாததால் ஞாபகத்திலிருந்து எடுத்து எடுத்துப் பார்த்தேன். ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் மாறியது. கதையில் வேலி பச்சை என்று எழுதியிருக்கிறேன். என் மற்றப் படங்களில் அது கறுப்பு. நான் மாற்றவில்லை, அதுவாக மாறிவிட்டது. பச்சை வேலி எங்கே இருந்தது என்று நம் பள்ளிக்கூடத்துப் பழைய மாணவர்களுக்குத் தெரியும்.

வெளிநாட்டில் கேமராவோடு அலைந்து எழுதியவர் என்றால் எனக்கு முதலில் ஞாபகம் வருவது கோட்டையூர் ஏ. கே. செட்டியார். டோக்கியோவிலும் நியூயார்க்கிலும் புகைப்படக் கலை படித்தவர். உலகமெல்லாம் சுற்றிக் காந்தியைப் பற்றிய படச்சுருள்களைத் தேடிச் சேர்த்து 1940-ல் ஆவணப்படமாக வெளியிட்டவர். அவருடைய பயணக் கட்டுரைகளைப் படித்தால், கேமரா பிடிக்கிறவர் படத்தில் இருக்க மாட்டார் என்பது போல அவரும் ஓரமாகவே நிற்பார். அசோகமித்திரன் 1973-ல் அமெரிக்காவில் அயோவா பல்கலைக்கழகத்தின் எழுத்தாளர் முகாமுக்குப் போய்ச் சில மாதம் தங்கினார். அதிலிருந்து "ஒற்றன்" நாவல் வந்தது. அமெரிக்காவின் பெரிய பெரிய காட்சிகளைத் தேடி அதைப் படித்தால் ஏமாந்து போவீர்கள். பல நாடுகளிலிருந்து வந்து கூடத் தங்கியிருந்த மனுஷர்கள்தான் அதில் இருக்கிறார்கள். நான் அவர்கள் வரிசை இல்லை, டீச்சர் ட்ரெயினிங் படித்தவள். ஆனால் அங்கே ட்யூலிப் தோட்டமும் காற்றாலையும் எடுத்த படங்களிலிருந்து எனக்கு ஒரு வரிகூட வரவில்லை என்பதை மட்டும் சொல்லிக்கொள்கிறேன். (ட்யூலிப்பும் பிளாஸ்டிக்தான். டிசம்பரில் ஏது பூ?)

இப்போது இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். அது நிஜமா?

கதையில் ஒரு பாட்டி வருகிறாள். வெளியே நிற்கும் பையனைத் தினமும் பார்க்கிறாள். பாஷை தெரியாமல் அவன் பக்கத்தில் போய்த் தானும் நிற்கிறாள். அப்படி நான் செய்யவில்லை. நான் செய்தது வேறு.

1994 என்று நினைக்கிறேன். ஐந்தாம் வகுப்பு எனக்கு. குப்பத்திலிருந்து வரும் ஒரு பையன் வாரத்தில் மூன்று நாள் தாமதமாக வருவான். பிரேயர் முடிந்து, ரெஜிஸ்டர் எடுத்து, "உள்ளேன் டீச்சர்" எல்லாம் சொல்லி முடித்த பிறகு வாசலில் வந்து நிற்பான். தலையில் உப்புக்காற்றும் மணலும். நான் அவனை உள்ளே விட மாட்டேன். முதல் பீரியட் முழுக்க வெளியே, பச்சை வேலிக்குப் பக்கத்தில் நிற்க வேண்டும். ஒழுங்கு சொல்லிக் கொடுக்கிறேன் என்று நம்பினேன். ஏன் லேட் என்று கேட்டேனா? "ஏன்டா லேட்டு?" என்று அதட்டியிருக்கிறேன். பதில் தெரிந்துகொள்வதற்காகக் கேட்டதில்லை. ஆறாவது போகாமல் அவன் நின்றுவிட்டான். எனக்கு அதில் பெரிய ஆச்சரியம்கூட ஏற்படவில்லை.

2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை. அன்றைக்கு நம் பக்கத்தில் என்ன நடந்தது என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. இரண்டாம் நாள் ஒரு கல்யாண மண்டபத்தில் சாப்பாடு பரிமாறிக்கொண்டிருந்தேன். வரிசையில் வந்த ஒரு அம்மா என்னையே பார்த்தார். "நீங்கதான எம்புள்ளைய வெளிய நிக்க வெச்ச டீச்சரு?" என்றார். கோபம் இல்லை. அடையாளம் சொன்னார், அவ்வளவுதான். பையன் நல்லபடியாக இருக்கிறானா என்று பதறிக் கேட்டேன். இருக்கிறான் என்றார். சாம்பாரை வாங்கிக்கொண்டே அவராகச் சொன்னார்: "அவங்கப்பன் மரம் கரையேறாம அவன் இஸ்கூலுக்குக் கெளம்ப மாட்டான் டீச்சர். கண்ணால பாத்துட்டுத்தான் வருவான். ஒரு வாட்டி அவரு ராவெல்லாம் கடல்ல மாட்டிக்கினாரு, அதுலேர்ந்து அப்படி."

அடுத்தவருக்குப் பரிமாற வேண்டியிருந்தது. பரிமாறினேன்.

இதை நான் பதினெட்டு வருடம் யாரிடமும் சொல்லவில்லை, என் வீட்டுக்காரரிடம்கூட. அம்ஸ்டெல்வீனில் ராத்திரி இரண்டு மணிக்கு ஒரு இருட்டுப் படத்துக்கு வெளிச்சம் கூட்டியபோதுதான் அது மறுபடி வந்து நின்றது. அந்த டச்சுப் பையன் எதற்காக நின்றானோ தெரியாது. அம்மா மறந்து வைத்த சாப்பாட்டு டப்பாவுக்காகக்கூட இருக்கலாம்.

ஊர் திரும்பியபின் குப்பத்தில் விசாரித்தேன். வளைகுடாப் பக்கம் மீன்பிடி வேலைக்குப் போயிருக்கிறான் என்றார்கள். அம்மா இப்போது இல்லை. அதனால்தான் கதையாக எழுதினேன். நேரில் சொல்ல ஆள் இல்லை.

அப்படி நினைத்துக்கொண்டிருந்தேன். போன வாரம் உங்களில் ஒருவர் தனியாகச் செய்தி அனுப்பியிருந்தார். "டீச்சர், கதையில் வர்ற பையன் நான்தானா?" என்று. இவர் குப்பத்துப் பையன் இல்லை. கல்பாக்கத்தில் காண்ட்ராக்டரிடம் வேலை பார்க்கிறார், வேறு பேட்ச். இவரை வெளியே நிற்க வைத்தது எனக்குச் சுத்தமாக ஞாபகமே இல்லை. "பாட்டி தங்கச்சிக்கு நாஸ்தா குடுத்துட்டுத்தான் வருவேன் டீச்சர், நீங்க கேட்டதில்ல" என்று அடுத்த வரியில் எழுதியிருந்தார்.

கீழே இருக்கும் படம் அந்தக் கையுறை. உறைபனி படிந்த நாளில் எடுத்தது. அதில் வேறு யாரும் இல்லை, வெளிச்சம் கூட்டிப் பார்த்துவிட்டுத்தான் போடுகிறேன்.

அவருக்கு இன்னும் பதில் எழுதவில்லை. எழுதுவது சரியாக இருக்காது. இந்தப் பதிவைப் போட்டுவிட்டுப் போன் செய்யப் போகிறேன். இதைப் படிக்கிற வேறு யாராவது அந்த வேலிக்குப் பக்கத்தில் நின்றிருந்தால் நீங்களும் சொல்லுங்கள். காலை ஏழு மணிக்கு மேல் எப்போது வேண்டுமானாலும் கூப்பிடலாம்.