சுடுகாட்டு வாசலில் ஒரு வீடு

தோழர்களே, என் தாத்தா தென்சென்னைச் சுடுகாடு ஒன்றில் குழி வெட்டியவர். குடும்பமே உள்ளே, மதிலோரத் தகரக் கொட்டகையில்தான் இருந்தது. பள்ளியில் வீடு எங்கே என்று கேட்டால், அப்பா பக்கத்துத் தெருவின் பெயரைச் சொல்வாராம்.

லண்டனில் ஏப்னி பார்க் என்றொரு கல்லறைத் தோட்டம். 1840இல் திறந்தது. வாசலின் இருபுறமும் எகிப்தியக் கோயில் சாயலில் இரண்டு கட்டடங்கள். சித்திர எழுத்துகள்கூடப் பொறித்திருக்கிறார்கள். வடிவமைத்தவர் வில்லியம் ஹாஸ்கிங். இவற்றை 'லாட்ஜ்' என்பார்கள். நம்மூர் லாட்ஜ் அல்ல. விக்டோரியா காலக் கல்லறை வாசல்களில் கட்டப்பட்ட வாயில் வீடு. கண்காணிப்பவர் தங்கவும், அடக்கப் பதிவேட்டை வைத்திருக்கவும் அது பயன்பட்டது.

படத்தைப் பார்த்ததும் அப்பாதான் நினைவுக்கு வந்தார். சாவைக் கவனிக்கும் வேலைக்கு ஊர் பார்க்க, வாசலிலேயே ஒரு வீடு!

அதற்காக இங்கிலாந்தைக் கொண்டாடவும் வேண்டாம். அந்த வீடு கண்காணிப்பாளருக்கு. குழி வெட்டியவருக்கு அல்ல. ஏழைகளைப் பொதுக்குழியில் பெயரில்லாமல் புதைத்தார்கள். பல கல்லறைகளில் ஆங்கிலிக்கன் சபையாருக்கு ஒரு பக்கம், மற்றவர்களுக்கு மறுபக்கம். ஏப்னி பார்க்கில் அந்தக் கோட்டைப் போடவில்லை. ஆனால் ஒன்று: குழி வெட்டுவது அங்கே கூலி வேலை. இன்ன சாதியில் பிறந்தவன்தான் வெட்ட வேண்டும் என்று விதி இல்லை.

இங்கே? திருச்சி மேலப்புதூர் கத்தோலிக்கக் கல்லறையில் தலித் கிறிஸ்தவர்களைப் பிரித்துச் சுவர் எழுப்பினார்கள். 2019இல் வாணியம்பாடி அருகே நாராயணபுரத்தில், பாதை மறுக்கப்பட்டதால் ஒரு தலித்தின் உடலைப் பாலத்திலிருந்து கயிறு கட்டி இறக்கினார்கள். செத்த பிறகும் சாதி நம்மை விடுவதில்லை. பிணத்தைத் தொடும் வேலையை மட்டும் நம் தலையில் கட்டுகிறது.

தாத்தா எந்தக் குழியில் யார் என்று மனப்பாடமாகச் சொல்வார். அவர் வெட்டிய குழிகளில் புதைந்தவர்களின் பெயர்கள் பதிவேட்டில் இருக்கின்றன. அவர் பெயர் எங்கும் இல்லை.

கண்ணம்மாபேட்டையோ, கிருஷ்ணாம்பேட்டையோ, பெசன்ட் நகரோ, உங்களுக்குப் பக்கத்திலுள்ள மயானத்துக்கு ஒருநாள் போங்கள். சாவுக்காக அல்ல, அங்கே வேலை செய்பவரைப் பார்க்க. வேலை நிரந்தரமா, தங்க அறை உண்டா, கழிப்பறை உண்டா, கையுறை தருகிறார்களா என்று கேளுங்கள். பதிலை எழுதி வார்டு உறுப்பினரிடம் மனுவாகக் கொடுங்கள். முதலில், அவர் பெயரைக் கேளுங்கள். 'வெட்டியான்' என்பது பெயர் அல்ல.

ஜெய் பீம்.