காமிரா நுழையும் வாசல்



சென்னையைக் காண வருவோர் பெரும்பாலும் மெரீனாவோடு திரும்பிவிடுகின்றனர். இம்முறை வடக்கே வாருங்கள். இராயபுரத்தில் தொடங்கி எண்ணூர் முகத்துவாரம் வரை செல்வோம். கையில் ஒரு காமிராவும் இருக்கட்டும். உருவப்படம் குறித்து உலமாப் பெருமக்களிடையே நிலவும் கருத்து வேறுபாட்டினுள் நாம் இங்குப் புகவில்லை. கைப்பேசியின் வடிவில் காமிரா வீடுதோறும் குடியேறிவிட்ட காலம் இது. அதைப் பிறர் முகத்துக்கு நேரே உயர்த்தும்போது என்ன நிகழ்கிறது என்பதே நம் கேள்வி.

முதலில் இராயபுரம் இரயில் நிலையம். தென்னிந்தியாவின் முதல் பயணிகள் இரயில் 1856-ஆம் ஆண்டு இங்கிருந்துதான் வாலாஜா ரோடு நோக்கிப் புறப்பட்டது. இதன் நெடிய தூண்களை நூறு முறை படமெடுத்தாலும் அவை முகம் மாற்றிக்கொள்வதில்லை. மனிதரோ மாறிவிடுகின்றனர். விடியலில் காசிமேடு மீன்பிடித் துறைமுகத்துக்குச் சென்று பாருங்கள். ஏலக் குரல் ஓங்கி ஒலிக்கும், கூடைகள் கைமாறும். அந்நியர் ஒருவர் காமிராவை உயர்த்தியதும் ஒரு பெண்மணி முந்தானையைச் சரிசெய்துகொள்வார். இளைஞர் ஒருவர் மார்பை நிமிர்த்துவார். முதியவர் ஒருவர் முகம் திருப்புவார். சற்று முன்பு அங்கிருந்த காட்சி கலைந்துபோயிற்று. நீங்கள் வந்து நின்றதால் பிறந்த புதியதொரு காட்சியே படத்தில் பதிகிறது. படத்தில் நீங்கள் தென்படமாட்டீர்கள். ஆயினும் உங்களை நோக்கிய அச்சமோ, கூச்சமோ, அன்போ எதிரிலிருப்பவர் கண்களில் தங்கிவிடுகிறது.

அருகிலுள்ள ஸ்டான்லி மருத்துவமனையைக் ‘கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி’ என்று மக்கள் அழைத்து வந்தனர். 1782-ஆம் ஆண்டுப் பஞ்சத்தில் தோன்றிய கஞ்சிச் சத்திரமே அதன் மூலம். பின்னர் 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தை வாட்டிய பெரும் பஞ்சம் இலட்சக்கணக்கான உயிர்களைக் குடித்தது. அப்போது வில்லபி வாலஸ் ஹூப்பர் என்னும் ஆங்கிலேயப் படை அதிகாரி, எலும்பும் தோலுமாயிருந்த மக்களை வரிசையாக அமர்த்தியும் நிறுத்தியும் படம் பிடித்தார். பஞ்சத்தின் கொடுமையை உலகுக்குக் காட்டிய சான்றுகள் அவை, மறுப்பதற்கில்லை. ஆனால் பசித்தவரை வரிசையில் நிறுத்தியது எது? காமிராவின் தேவையன்றோ! அந்தப் படங்களில் பசியோடு பணிவும் பதிந்திருக்கிறது. அவர்களுள் எவருடைய பெயரையும் படம் நமக்குச் சொல்வதில்லை.

அதே பஞ்ச காலத்தில், நிவாரண வேலையாக, மக்கள் கூலிக்குத் தோண்டியதுதான் நகரின் ஊடே செல்லும் பக்கிங்ஹாம் கால்வாய்ப் பகுதி. வடக்கே அக்கால்வாய் திருவொற்றியூரைக் கடந்து எண்ணூர்க் கழிமுகத்தை அடைகிறது. 2017 ஜனவரி 28 அன்று எண்ணூருக்கு அப்பால் இரு கப்பல்கள் மோதிக்கொண்டன. கரையொதுங்கிய எண்ணெய்க் கசடை இளைஞர்கள் வாளிகளில் அள்ளினர். 2023 டிசம்பரில் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் கலந்து வந்து படகுகளையும் வலைகளையும் கறுப்பாக்கியது. அந்நாட்களில் காமிராக்கள் திரண்டு வந்தன. எண்ணெய் வடிந்ததும் அவையும் வடிந்தன. வேண்டிய சாட்சியம்தான் அது. எனினும் துயர நாளில் மட்டுமே வரும் விருந்தாளிக்கு வீட்டார் துயர முகத்தைத்தானே காட்டுவர்? பிள்ளைகள் பள்ளி செல்லும் காலையும், திண்ணைப் பேச்சும், திருமண வீட்டுச் சிரிப்பும் படத்துக்குள் வராமலே போகின்றன.

மாற்று வழியைக் காட்டியவர் புகைப்படக் கலைஞர் பழனி குமார். மதுரையில் மீன் விற்ற தாயின் மகன். எண்ணூர்ப் பக்கம் இருளர் பெண்கள் கூடையைப் பற்களால் கவ்வியபடி, நீரில் மூழ்கியிருந்து, வெறுங்கையால் இறால் பிடிக்கும் உழைப்பை அவர் பதிவு செய்தார். அதனினும் மேலாக, வடசென்னைச் சிறார்க்கும் இளைஞர்க்கும் காமிராவைக் கையாளக் கற்றுத் தந்தார். அவர்கள் எடுத்த படங்கள் 2023-ஆம் ஆண்டு கண்காட்சியாகவும் வைக்கப்பட்டன. இதன் பயனை எண்ணிப் பாருங்கள்! மகள் காமிராவைப் பிடித்தால் தாய் காமிராவைப் பார்ப்பதில்லை, மகளைப் பார்க்கிறாள். ‘போதும், சாப்பிட வா’ என்னும் கண்டிப்பும் அப்பார்வையில் இருக்கும். விலையுயர்ந்த கருவியாலும் வெளியாள் அப்பார்வையைப் பெற இயலாது.

அப்படியாயின் வெளியாட்கள் படமே எடுக்கலாகாதா? எடுக்கலாம்; ஆனால் அதற்கோர் ஒழுக்கம் உண்டு. பிறர் இல்லத்தில் ஸலாம் கூறி, அனுமதி பெற்றே நுழைய வேண்டும் என்று நம் மார்க்கம் பணிக்கிறது. திரும்பிச் செல்லுமாறு சொன்னால் மனம் கோணாமல் திரும்பிவிட வேண்டும் என்றும் கற்பிக்கிறது. மனித முகமும் ஒரு வாசல்தான் அல்லவா? முதலில் பெயர் கேளுங்கள். சிறிது நேரம் உடனிருங்கள். மறுத்தால் காமிராவைத் தாழ்த்துங்கள். எடுத்த படத்தை அவரிடமே முதலில் காட்டுங்கள். அது உங்களிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதம். தர்மப் பொருள் வாங்கும் ஏழைச் சகோதரியின் முகத்தைப் படமெடுத்துப் பரப்பும் நம் அமைப்புகளும் இதைச் சிந்திக்கக் கடமைப்பட்டுள்ளன. வலக்கை கொடுப்பதை இடக்கை அறியாதிருப்பது சிறப்பு என்று போதிக்கப்பட்ட சமுதாயம், அதை ஊரறியக் காட்டலாமா?

இன்ஷா அல்லாஹ், ஒரு நாள் எண்ணூருக்குச் செல்லுங்கள். எண்ணெய் படியாத, ஆரவாரமற்ற, சாதாரணமான நாளாகத் தேர்ந்தெடுங்கள். காமிரா சிறிது நேரம் பையிலேயே இருக்கட்டும்.