அமைதியாக நின்றால் போதும்

மெல்பர்னில், ஆஸ்திரேலியக் கத்தோலிக்கப் பல்கலைக்கழகத்தில் தொடக்கப்பள்ளி ஆசிரியர் பட்டம் படிக்கப் போகிறேன் என்றதும், கிள்ளானில் பாட்டி கேட்டது ஒன்றுதான்: "மதம் மாறச் சொல்வாங்களா?"

யாரும் சொல்லவில்லை. எழுத்தறிவு, எண்ணறிவுத் தேர்வில் தேறச் சொன்னார்கள். நான்காண்டுப் பட்டத்துக்குக் குறைந்தது 80 நாள் பள்ளிக்கூடங்களில் பயிற்சி எடுக்கச் சொன்னார்கள்.

பயிற்சிக்குப் போனது ஒரு கத்தோலிக்கப் பள்ளி. முதல் நாள் காலை, பிள்ளைகள் சிலுவைக் குறி போட்டு ஜெபித்தார்கள். "அமைதியாக நின்றால் போதும்" என்று வழிகாட்டி ஆசிரியை முன்பே சொல்லியிருந்தார். நின்றேன். முன்னால் இருந்த பையன் மட்டும் கண்ணைத் திறந்து என் கைகளையே பார்த்தான்.

"மிஸ், உங்களுக்கு ஜெபம் தெரியாதா?"

மழுப்பியிருக்கலாம். மறுநாளிலிருந்து கையை அசைத்து ஒப்பேற்றியும் இருக்கலாம். பிள்ளைகளை ஏமாற்றுவது சுலபம். எனக்கு அதுதான் பயம்.

"நான் இந்து. நீங்கள் ஜெபிக்கும்போது நானும் மனசுக்குள் கும்பிடுகிறேன்" என்றேன்.

"சத்தமே கேட்கலையே?" என்றான்.

இரவு போனில் பாட்டியிடம் சொன்னேன். சிரித்தார். "உங்கம்மாவும் கான்வென்ட்ல இப்படித்தான் நின்னா. வீட்டுக்கு வந்து அந்த ஜெபத்தை என்கிட்ட ஒப்பிப்பா."

"அப்புறம் ஏன் பாட்டி என்னை மட்டும் அப்படிக் கேட்டீங்க?"

"அவ மத்தியானம் பஸ் ஏறி வீட்டுக்கு வந்துடுவா. நீ?"