எஞ்சியிருப்பவை

நினைவு என்ற சொல்லை இலக்கிய வாசகர்களாகிய நாம் சற்று அதிகமாகவே சொந்தம் கொண்டாடிவிட்டோம். மூளையற்ற ஓர் உயிரணுவுக்கும் நினைவு உண்டென்றால் அதை உவமையாகவே எடுத்துக்கொள்வோம். உவமையன்று. 1846-இல் ஃபாரோ தீவுகளில் தட்டம்மை பரவியபோது அங்கே சென்ற பானும் என்ற இளம் டேனிஷ் மருத்துவர், 1781-இல் அதே நோய் கண்டு பிழைத்த முதியவர்களை அது இம்முறை தீண்டவில்லை என்று எழுதிவைத்தார். இடையில் 65 ஆண்டுகள். நினைவூட்ட எதுவுமின்றியே உடல் மறவாதிருந்திருக்கிறது.

அந்த நினைவைச் சுமப்பவற்றுள் டி செல்களும் உண்டு. கிருமியைக் கண்டதும் ஒன்று பல்லாயிரமாகப் பெருகும். வேலை முடிந்ததும் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல் மடிந்துபோகும். எஞ்சும் சிலவே நினைவு செல்கள். எவை மடியும், எவை எஞ்சும் என்பதில் செல்லுக்குள் ஓடும் சமிக்ஞைகளுக்குப் பெரும் பங்கு இருக்கிறது. அவற்றுள் எம்டார் என்ற புரதத்தின் வழியே செல்வது, 'வளர், பெருகு' என்று தூண்டுவது.

எம்டார் பெயர் பெற்ற கதை ஈஸ்டர் தீவில் தொடங்குகிறது. 1964-இல் அங்கே சேகரித்த மண்ணில் வாழ்ந்த ஒரு பாக்டீரியாவிலிருந்து பின்னர் ராபாமைசின் பிரித்தெடுக்கப்பட்டது. தீவின் சொந்தப் பெயரான ராபா நுயி மருந்துக்கு வந்தது. அம்மருந்து கட்டுப்படுத்தும் புரதம் எம்டார் ஆனது. மாற்றுச் சிறுநீரகத்தை உடல் நிராகரிக்காதிருக்க, எதிர்ப்பாற்றலை அடக்கும் மருந்தாக 1999-இல் அமெரிக்காவில் அது அனுமதி பெற்றது. 2009-இல் அட்லாண்டாவின் எமோரி பல்கலைக்கழகத்தில் ரஃபி அகமதின் குழுவினர் அதைக் குறைந்த அளவில் எலிகளுக்குக் கொடுத்தனர். நினைவு செல்கள் குன்றும் என்றுதானே எதிர்பார்ப்போம்? கூடின, தரத்திலும் உயர்ந்தன. அதே ஆண்டு பிலடெல்பியாவில் வேறொரு குழு, மெட்ஃபார்மினும் எலிகளில் நினைவு செல்களைக் கூட்டுவதைக் கண்டது. (நம் வீட்டு அலமாரிகளில் இருக்கும் அதே சர்க்கரை மாத்திரைதான். எலிக்குச் சொன்னதை நமக்கான மருந்துச்சீட்டாகக் கொள்ள வேண்டாம்.)

இதையெல்லாம் நான் தேடிப் படித்தது அக்காவுக்காக. மூன்று ஆண்டுகளாக அவளுக்குச் சிறுநீரகப் புற்றுநோய். பார்க்க வருகிறவர்கள் எல்லோரும் ஒரே சொல்லைச் சொல்லிவிட்டுப் போகிறார்கள்: "போராடணும்." அந்தச் சொல்லின் மீது எனக்கு வரவரக் கசப்பு. கட்டிக்குள் நுழைந்த டி செல்கள் போராடாமலா இருக்கின்றன? கட்டி விலகுவதில்லை, அதே சமிக்ஞை நாள்தோறும் வந்து மோதுகிறது, ஓய்வறியாத செல் களைத்து, நினைவு செல்லாகும் தகுதியையே இழக்கிறது. அதன் மேற்பரப்பில் பிடி-1 என்னும் தடை நிறைந்துவிடுகிறது. 1992-இல் கியோட்டோவில் பிடி-1-ஐக் கண்டறிந்த தசுகு ஹோன்ஜோ, ஜேம்ஸ் ஆலிசனுடன் 2018-இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். அக்காவுக்கு ஏற்றியது அந்தத் தடையை மறிக்கும் மருந்துதான்.

மருந்து பட்டதும் களைத்த செல்கள் எழுந்து மீண்டும் வாளெடுக்கும் என்று எண்ணத் தோன்றும். நாட்பட்ட தொற்றுள்ள எலிகளில் எமோரி குழு 2016-இல் கண்டது வேறு. மருந்துக்குப் பெருகியவை முற்றிலும் களைத்தவை அல்ல. முன்வரிசைக்கு வராமல் ஒதுங்கியிருந்த, நினைவு செல்களை ஒத்த ஒரு சிறு கூட்டம். 2019-இல் மனிதரின் சிறுநீரகக் கட்டிகளிலும் அத்தகைய செல்கள் காணப்பட்டன. கட்டிக்குள் அவை தங்க இடம் அமையாத நோயாளிகளுக்கு நோய் விரைவாக முற்றியிருந்தது.

அக்காவின் கட்டி சுருங்கியிருக்கிறது. ஆனியில் மருந்தை நிறுத்தினார்கள். "மருந்து நின்னப்புறமும் அதுங்களுக்கு ஞாபகம் இருக்குமா டாக்டர்?" என்று கேட்டாள். அவர் சற்று நேரம் அவளையே பார்த்துவிட்டு, மூன்று மாதத்துக்கு ஒரு ஸ்கேன் என்று எழுதிக்கொடுத்தார். முதலாவது புரட்டாசியில்.