தனுஷ்கோடியில் ஒரு பகல்

ராமேஸ்வரம் படங்களைப் பார்த்துவிட்டு, "சார், தனுஷ்கோடி போனீங்களா?" என்று பழைய மாணவர்கள் பலர் கேட்டிருந்தீர்கள். போனேன். கோயிலும் 22 தீர்த்தங்களும் நீங்கள் அறிந்ததுதான், அதை விட்டுவிடுகிறேன்.

விடுதியில் சொல்லி வைத்த ஆட்டோ காலை ஆறரைக்கே வந்துவிட்டது. ஓட்டுகிற தம்பிதான் வழிகாட்டியும். 2017-ல் தார்ச்சாலை திறந்த பிறகு அரிச்சல்முனை வரை அலுங்காமல் போகலாம். அதற்கு முன் மணலில் வேன் குலுங்கிக் குலுங்கிப் போகும், இடுப்பு எலும்பு நம்முடையதா என்று சந்தேகம் வரும். இடப்பக்கம் பாக் நீரிணை, குளம் மாதிரி அமைதி. அதைப் பெண் கடல் என்கிறார்கள். வலப்பக்கம் மன்னார் வளைகுடா, ஆண் கடல், ஒரே இரைச்சல்.

பவளப்பாறைக் கல்லில் கட்டிய இடிந்த தேவாலயத்தின் முன் தம்பி பாடம் ஒப்பிக்க ஆரம்பித்தான். மூச்சு விடாமல் ஒப்பித்தான். "1964 டிசம்பர் 22 ராத்திரி புயல் சார். பாசஞ்சர் ரயிலோட கடல் கொண்டுபோயிருச்சு. துறைமுகம், ஸ்டேஷன், தபாலாபீஸ் எல்லாம் போச்சு. இங்கேருந்து கப்பல் ஏறித்தான் தலைமன்னார் போவாங்க. இப்போ இது பேய் நகரம். ஒருத்தரும் கிடையாது."

பின்னால் ஓலைக் குடிசைகள் தெரிந்தன. வலை காய்ந்துகொண்டிருந்தது. என் மனைவி, "நீ எங்கேப்பா குடியிருக்கே?" என்று கேட்டாள்.

"இங்கேதாம்மா. அந்த மூணாவது குடிசை."

எனக்குச் சிரிப்பு வந்தது, கோபமும் வந்தது. "அப்புறம் ஏன்டா ஒருத்தரும் இல்லேங்கிறே?" என்றேன். வாத்தியார் குரல் இன்னும் போகவில்லை.

"வர்றவங்க பேயைக் கேக்கத்தானே சார் வர்றாங்க. நாங்க இருக்கோம்னு சொன்னா போட்டோ எடுத்துட்டுக் கிளம்பிடறாங்க."

வாழத் தகுதியற்ற ஊர் என்று புயலுக்குப் பிறகு அரசு அறிவித்தது. மீனவர்கள் மட்டும் விட்டுப் போகவில்லை. எப்படி முடிகிறது என்று கேட்டேன். வீட்டுக்கே அழைத்துப் போய்விட்டான்.

அவன் அம்மா மணலில் முழங்கால் ஆழத்துக்குக் குழி தோண்டி, ஊறி வந்த தண்ணீரைச் சிரட்டையால் மொண்டு குடத்தில் ஊற்றிக்கொண்டிருந்தார். கடல் கூப்பிடு தூரத்தில். குடித்துப் பார்த்தேன், நம் மணிமுத்தாற்று ஊற்று போலவே இருந்தது. பீங்கான் ஊர்க்காரனுக்குக் களிமண்ணில் தண்ணீர் தங்குவது தெரியும், மணலில் எப்படி? மழைநீர் உப்புநீரைவிட லேசானது. மணலுக்குள் அதன்மேல் மிதந்து நிற்கிறது. பேராசைப்பட்டு ஆழமாகத் தோண்டினால் உப்பு ஏறிவிடும். அந்த அம்மாவுக்கு அளவு கைக்கணக்கு. இதை நான் முப்பது வருடம் அடர்த்திப் பாடமாக நடத்தியிருக்கிறேன், கண்ணால் பார்த்தது இப்போதுதான்.

அதன் பிறகுதான் அரிச்சல்முனை போனோம். இரண்டு கடலும் சேருமிடம் அழகுதான், ஆனால் கூட்டம். போகிறவர்கள் காலையிலேயே போய்விடுங்கள், மாலையில் செக்போஸ்டில் தடுத்துவிடுவார்கள். ஆட்டோ தம்பிகளிடம் ஊற்றைக் காட்டச் சொல்லுங்கள்.

நான்காவது படத்தில் குடத்தோடு நிற்பவர் அந்த அம்மாதான். கேட்டுவிட்டுத்தான் போட்டிருக்கிறேன்.