த்ரெட் லிஃப்ட் எத்தனை நாள் தாங்கும்? - சித்தியின் சீட்டுப் பணம் சொன்ன பதில்!

போன தீபாவளிக்கு முந்தைய வாரம் சித்தி போன் செய்தார். "ஏண்டி, அந்த நூல் வெச்சா மூணு வருஷம் இருக்கும்னு நீதானே எழுதியிருந்தே? வருஷம்கூட ஆகலை, கன்னம் மறுபடியும் இறங்கிடுச்சே?"

கோபமாகக் கேட்கவில்லை. சந்தேகம் கேட்பதுபோலத்தான் கேட்டார். அதுதான் எனக்கு அதிகமாக உறைத்தது.

முன்கதையைச் சொல்லிவிடுகிறேன். சித்திக்கு 51 வயது. சர்க்கரை இருப்பது தெரிந்ததும், டாக்டர் சொன்னபடி காலையில் நடைப்பயிற்சி, இரவில் இரண்டு சப்பாத்தி என்று கட்டுப்பாடாக இருந்து ஒன்றரை வருடத்தில் 14 கிலோ குறைத்தவர். எல்லோரும் பாராட்டியிருக்க வேண்டிய விஷயம். ஆனால், எந்த விசேஷத்துக்குப் போனாலும் அவரிடம் கேட்கப்பட்டது ஒரே கேள்விதான். "என்ன, ஆளே வாடிப்போயிட்டே... உடம்புக்கு ஏதாவதா?"

கன்னத்துச் சதை வற்றி, தாடையோரம் தோல் தொங்கியிருந்தது. மகளுக்குத் தை மாதத்தில் கல்யாணம் நிச்சயமானதும், 'மேடையில நோயாளி மாதிரி நிக்கக் கூடாது' என்பது மட்டும்தான் சித்தியின் மனதில் ஓடியிருக்கிறது.

அந்த நேரம் பார்த்து வந்தது என் கட்டுரை. நான் டிஜிட்டல் டெஸ்க்கில் சேர்ந்து நான்கு மாதம் ஆகியிருந்தது. 'த்ரெட் லிஃப்ட்' பற்றி நிறைய பேர் தேடுகிறார்கள் என்று தெரிந்ததும், நானே கேட்டு வாங்கி எழுதினேன். இரண்டு, மூன்று கிளினிக்குகளின் விளம்பரப் பக்கங்களைப் படித்தேன். ஒரு மணி நேரத்தில் முடித்துவிட்டேன். 'கத்தி இல்லாமல் முகப்பொலிவு... 3 வருடங்கள் வரை நீடிக்கும்!' என்ற தலைப்பும் நான் போட்டதுதான். கட்டுரை நன்றாகவே ஓடியது. குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் அம்மா பெருமையாகப் பகிர்ந்தார். சித்தி இரண்டு கைதட்டல் எமோஜி போட்டார்.

ஆனால், அதை நம்பி அவர் ஏலச்சீட்டை எடுத்ததும், கார்த்திகை மாதத்தில் ஒரு கிளினிக்கில் 80,000 ரூபாய் கட்டியதும் எனக்குத் தெரியாது. அங்கே என் கட்டுரையைக் காட்டிக் கேட்டாராம். "ஆமாம்மா, மூணு வருஷம் வரும்" என்றார்களாம்.

கல்யாணத்தன்று சித்தி அழகாக இருந்தார். அதை மறுக்க முடியாது. வந்தவர்களில் ஒருவர்கூட உடம்புக்கு என்ன என்று கேட்கவில்லை. ஆனால், ஆடி மாதத்துக்குள் கன்னம் பழைய இடத்துக்கே வந்துவிட்டது.

போனை வைத்ததும், முதல் கட்டுரைக்கு முன்பே செய்திருக்க வேண்டிய வேலையை அன்று இரவு உட்கார்ந்து செய்தேன்.

நூல் என்ன செய்கிறது?

த்ரெட் லிஃப்ட்டில், மரத்துப்போக ஊசி போட்டுவிட்டு, மெல்லிய ஊசி வழியாகத் தோலுக்கு அடியில் இருக்கும் கொழுப்பு அடுக்கில் நூலைச் செலுத்துகிறார்கள். நூலில் மீன் முள்போல நுண்ணிய கொக்கிகள் இருக்கும். நூலை இழுக்கும்போது சதை கொக்கிகளில் மாட்டிக்கொண்டு மேலேறும்.

1990-களின் இறுதியில் மார்லன் சுலமனிட்ஸே என்ற அறுவை சிகிச்சை மருத்துவர் பிரபலப்படுத்திய கொக்கி நூல்கள் கரையாதவை. இப்போது பெரும்பாலும் கரையும் நூல்கள்தான். அதிகம் பயன்படுத்தப்படும் பி.டி.ஓ. நூல், அறுவை சிகிச்சையில் தையல் போடப் பல வருடங்களாகப் பயன்படுவது. அது உடலில் கரைய சுமார் 6 முதல் 8 மாதங்கள் ஆகும். பி.எல்.எல்.ஏ. நூல் ஒரு வருடத்துக்கு மேலும், பி.சி.எல். நூல் ஏறக்குறைய இரண்டு வருடங்கள் வரையும் உள்ளே இருக்கும்.

நான் கோட்டைவிட்டது இந்த இடத்தில்தான். நூல் உள்ளே இருக்கும் காலம் வேறு, தூக்கிய கன்னம் தூக்கியபடி நிற்கும் காலம் வேறு. பேசுகிறோம், சிரிக்கிறோம், மெல்லுகிறோம். கொக்கி பிடித்திருக்கும் சதையோ மென்மையானது. நூல் முழுதாகக் கரைவதற்கு முன்பே பிடி தளர்ந்து, சதை கொஞ்சம் கொஞ்சமாக நழுவும். நூலைச் சுற்றி கொலாஜன் உருவாகும் என்பது உண்மைதான். அது தோலுக்குக் கொஞ்சம் உறுதி தரலாம். ஆனால், நூல் போன பிறகும் அது கன்னத்தைத் தூக்கிப் பிடித்திருக்கும் என்பதற்கு வலுவான ஆதாரம் இல்லை.

2009-ல் அமெரிக்க மருத்துவ இதழ் ஒன்றில் வெளியான ஆய்வு, த்ரெட் லிஃப்ட்டின் பலன் குறுகிய காலத்துக்குத்தான் என்றது. ஆரம்பத்தில் தெரியும் மாற்றத்தில் பெரும்பகுதி, சிகிச்சையால் ஏற்படும் வீக்கமாக இருக்கலாம் என்றும் சொன்னது. 2018-ல் பழைய ஆய்வுகளையெல்லாம் தொகுத்துப் பார்த்த மருத்துவர் குழுவும், பலன் நீடிக்கும் என்பதற்குப் போதிய ஆதாரம் இல்லை என்றே எழுதியது.

அப்படியானால் எத்தனை நாள்தான் தாங்கும்? பலருக்கு ஆறு மாதம் முதல் ஒரு வருடம். சிலருக்குக் கொஞ்சம் கூடுதலாக. என் தலைப்பில் இருந்த மூன்று வருடத்தை, விளம்பரத்தைத் தவிர வேறு எங்கேயும் நான் பார்க்கவில்லை.

சித்திக்கு யாரும் சொல்லாதது

உடல் எடை வேகமாகக் குறைந்தவர்களுக்குக் கன்னத்தில் கொழுப்பே குறைந்திருக்கும். நூல் இருப்பதை மேலே இழுக்குமே தவிர, இல்லாததை நிரப்பாது. தோல் அதிகமாகத் தொங்கியிருந்தாலும் நூலால் பெரிதாகப் பலன் இருக்காது. தவிர, சர்க்கரை கட்டுப்பாட்டில் இல்லாதவர்களுக்குத் தொற்று ஏற்படும் ஆபத்து அதிகம். காயம் ஆறவும் நாளாகும்.

"சர்க்கரை பத்தி டாக்டர் கேட்டாரா சித்தி?"

"ஃபார்ம்ல டிக் பண்ணச் சொன்னாங்க. பண்ணினேன். அதோட சரி."

வீக்கம், ரத்தக்கட்டு, கன்னத்தில் குழி விழுவது, இரண்டு பக்கமும் சமமாக இல்லாமல் போவது, நூல் முனை வெளியே துருத்துவது என்று பக்கவிளைவுகள் உண்டு. நல்லவேளையாக சித்திக்கு எதுவும் ஆகவில்லை. என் கட்டுரையில் இதற்கெல்லாம் நான் ஒதுக்கியிருந்தது ஒரே ஒரு வரி. 'பக்கவிளைவுகள் மிகக் குறைவு.'

சித்தி போன் செய்ததற்கு இன்னொரு காரணமும் இருந்தது. இரண்டாவது முறை செய்துகொண்டால் தள்ளுபடி என்று கிளினிக்கிலிருந்து மெசேஜ் வந்திருந்தது. வளைகாப்பு நெருங்குகிறது. போவதா, வேண்டாமா என்ற குழப்பம். இந்த முறை நானும் கூடப் போனேன்.

மூன்று கேள்விகளை எழுதி எடுத்துச் சென்றேன். இது எந்த வகை நூல்? நூல் கரையும் காலத்தைச் சொல்லாமல், தூக்கிய முகம் எத்தனை மாதம் நிற்கும் என்று சொல்ல முடியுமா? செய்பவர் எம்.டி. தோல் மருத்துவமோ, பிளாஸ்டிக் சர்ஜரியோ படித்துப் பதிவு பெற்றவரா?

முதல் கேள்விக்கு 'இம்போர்ட்டட்' என்று பதில் வந்தது. இரண்டாவதுக்கு, "ஆளுக்கு ஆள் மாறும் மேடம்." மூன்றாவதுக்கு, டாக்டர் வெளியூர் போயிருப்பதாகச் சொன்னார்கள்.

அதுவரை பேசாமல் இருந்த சித்தி கேட்டார். "சரிம்மா, இதுவும் இறங்கினா அப்புறம்?"

"திரும்பப் பண்ணிக்கலாம்மா."

வெளியே வந்து ஆட்டோவுக்குக் காத்திருக்கும்போது சித்தி விரல் விட்டு எண்ணினார். "எட்டு மாசத்துக்கு எண்பதாயிரம். மாசம் பத்தாயிரம் ஆகுதுடி. சீட்டுக்கே நான் மாசம் அஞ்சாயிரம்தான் கட்டுறேன்."

எனக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை. "என் தப்பு சித்தி" என்றேன்.

"தப்புன்னு ஒரேயடியா சொல்லாதே. கல்யாணத்தன்னிக்கு ஒருத்தரும் உடம்புக்கு என்னன்னு கேக்கலை. அந்த ஒரு நாளுக்காகன்னு தெரிஞ்சே கொடுத்திருந்தா எனக்கு வருத்தமே இல்லை. மூணு வருஷம்னு நெனச்சுக் கொடுத்தேன் பாரு, அதுதான் வலிக்குது."

மறுநாள் ஆபீஸில் விஷயத்தைச் சொல்லி, பழைய கட்டுரையின் தலைப்பை மாற்றினேன். தவறு என்ன என்பதை மேலேயே குறிப்பாகப் போட்டு, முழுவதையும் திருத்தி எழுதினேன். முதல் கட்டுரையைப் படித்தவர்களில் கால்வாசிப் பேர்கூட இதைப் படிக்கவில்லை. முன்பே படித்துவிட்டுப் பணம் கட்டியவர்கள் எத்தனை பேர் என்பது எனக்கு எப்போதும் தெரியப்போவதில்லை.

அதைக் குடும்ப குரூப்பில் நான் பகிரவில்லை, கூச்சமாக இருந்தது. சாயங்காலம் பார்த்தால், சித்தியே பகிர்ந்திருந்தார். கீழே ஒரு வரி: 'எல்லாரும் இதைப் படிங்க. போன தடவை படிச்சது கணக்குல வராது.'